குறையறிதல்

பொறுமையைத் தலையாய பண்பாகப் போற்றுவது தமிழர் மரபு. நிலத்தைப் போலத் தாங்குவோரை உயர்ந்தோர் என்றும், துன்பம் வந்துற்ற காலத்தும் வாய் திறவாதாரைச் சான்றோர் என்றும் பாராட்டுவது வழிவழி வந்த வழக்கு. வீட்டில் எல்லாரும் உண்டு எழுந்த பின் எஞ்சியதை உண்டு, "எனக்கென்ன குறை? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று கூறும் தாய், அம்மரபின் நிறைவடிவமாகக் கருதப்படுகிறாள். அவளைப் பாடாத கவிஞர் இலர். மேடையில் அவளைப் புகழாத பேச்சாளரும் இலர். ஆயின் அவள் முகம் வெளுத்திருப்பதையும், படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்குவதையும் கண்டு கேட்டவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

தாங்குதல் ஒன்றே அறமாகுமா? தன்னிடத்தும் பிறரிடத்தும் நேர்ந்துவரும் குறையை உரிய காலத்தில் உணர்தலும் அறத்தின் பாற்பட்டதன்றோ? குறையை உணராமலே தாங்கிக்கொண்டிருப்பதைப் பொறுமை என்னும் உயர்ந்த பெயரால் அழைத்தல் தகுமா? ஒழுக்கவியலில் இவை பழைய வினாக்களே. எனினும் அண்மைக்கால உயிரியல் அறிவு இவற்றின்மீது புதிய ஒளி பாய்ச்சியுள்ளது. ஆக்சிஜன் எனப்படும் உயிர்வளி குறையும்போது உடலின் உயிரணு அதனை எவ்வாறு அறிகிறது, அதே உயிர்வளி கட்டுமீறி நஞ்சாகும்போது எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பன இன்று பெரிதும் விளங்கியுள்ளன. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலேசியத் தமிழர் தலைமுறை தலைமுறையாகத் தொட்டு வாழ்ந்த பால்மரமே முதற்சான்றாக நிற்கிறது.

பால்மரத்தின் பாடு

சிலாங்கூர் மாநிலத்தின் வடகோடியில், பேராக் எல்லைக்கு அண்மையில், கோலாலம்பூரையும் ஈப்போவையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலையின்மீது அமைந்த சிற்றூர் கலும்பாங். இவ்வட்டாரத்திலும் இதற்குத் தென்மேற்கே கோலசிலாங்கூர் வரையிலும் விரிந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களுள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும் விடியற்காலைப் பெரட்டும், தோளில் தொங்கிய வாளியும், மங்கில் சொட்டிய வெண்பாலும் இங்குள்ள மூத்தோர் நினைவினின்றும் நீங்கவில்லை.

தென்னமெரிக்கக் காடுகளுக்குரிய இம்மரத்தின் நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அங்குள்ள தாவரத் தோட்டத்திற்குப் பின்னர்ப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பாலெடுக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். மலாயாவின் பெருந்தொழில் ஒன்று அம்முறையின்மீதே எழுந்தது. மரம் உயிரோடிருக்க வேண்டும், அதன் பட்டை மீண்டும் வளர வேண்டும் என்னும் அளவுணர்வே அத்தொழிலின் கடைக்கால் எனலாம்.

பாலென்று வழங்கப்படும் அது மரத்தின் கழிவன்று. பட்டையினுள் உள்ள பால்குழாய் உயிரணுக்களின் உள்ளிருக்கும் உயிர்ப்பொருளே வெட்டு வாயில் வழிகிறது. உட்கருக்கள் குழாயின் சுவரையொட்டித் தங்கிவிட, ஏனையவற்றுள் பெரும்பகுதி மங்கில் விழுகிறது. ஆகவே ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் அவ்வுயிரணு தன்னைத்தான் மீண்டும் ஆக்கிக்கொள்ள வேண்டியதாகிறது. அதற்கு இலைகள் அனுப்பும் சர்க்கரை வேண்டும். அச்சர்க்கரையை எரித்து ஆற்றலாக்க உயிர்வளி வேண்டும். எல்லாவற்றினும் மேலாகக் காலம் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதும், இரண்டு நாள் இடைவெளி விடுவதும் இக்காரணம் பற்றியே வழக்கில் வந்தன. ஓய்வு நாள் மரத்திற்கு வெறும் நாளன்று. இழந்ததை ஈட்டும் நாள்.

1925-இல் நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சிலாங்கூரின் சுங்கை பூலோவில் பெரியதோர் ஆய்வுநிலையத்தை நடத்திவந்தது. அக்கழகத்தைச் சார்ந்த ஆப்ரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் ஆகிய மூவர், எதிஃபோன் என்று பின்னர்ப் பெயர்பெற்ற வேதிப்பொருளைப் பட்டையில் தடவினால் பால் நெடுநேரம் ஒழுகும் என்பதை 1968-இல் வெளியிட்டனர். அப்பொருள் மரத்தினுள் எத்திலீன் வளியாக மாறி, வெட்டுவாய் விரைவில் அடைபடாமல் தடுக்கிறது. 1970களில் இவ்வூக்கமருந்து தோட்டங்களிற் பரவிற்று. அளவோடும் போதிய இடைவெளியோடும் இடும்போது அது பயன்தரும் கண்டுபிடிப்பே. வெட்டும் மிகுந்து, மருந்தும் மிகுந்தபோதுதான் மரம் வேறு மொழியிற் பேசத் தொடங்கிற்று.

அம்மொழி பட்டை வறட்சி. கத்தி பட்ட இடத்தில் பால் தோன்றாது, பட்டை பழுப்பேறும், நாளடைவில் வெடிக்கவும் செய்யும். இந்நோய் ஊக்கமருந்துக்கு முன்னரே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு அறியப்பட்டதுதான். மரத்தின் இனம், மண், நீர் என அதற்குக் காரணங்கள் பலவும் உண்டு. ஆயினும் அளவுகடந்து பாலெடுப்பதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு ஐயத்திற்கு இடமில்லாதது. 1980களில் தோசாக், ஜாக்கோப், கிரெஸ்தீன் முதலான பிரெஞ்சு ஆய்வாளர்கள் அத்தொடர்பின் உள்ளியக்கத்தை ஆராய்ந்தனர்.

உயிர்வளி உயிர்க்கு அடுப்பு நெருப்புப் போன்றது. அடுப்பில் அடங்கி எரியும்வரை சோறு வேகும். அதன் பொறி சிதறினால் அத்தாப்புக் கூரை பற்றிக்கொள்ளும். ஓயாது உழைக்கும் உயிரணுவில் உயிர்வளியின் ஒரு பகுதி முழுமையாக எரியாமல், எதனையும் தாக்கி அழிக்கவல்ல வினைமிகு வடிவங்களாக மாறுகிறது. அவற்றை அவ்வப்போது அவித்துப்போடக் கந்தகஞ்சேர்ந்த சில பொருள்களும் நொதிகளும் உயிரணுவில் உள்ளன. பொறிகள் மிகுந்து அவிப்பான்கள் குறையும் நிலையே ஆக்சிஜனேற்ற நெருக்கடி எனப்படுவது. பால்குழாயில் அந்நெருக்கடி முற்றும்போது, லூட்டாய்டு எனப்படும் நுண்பைகளின் சவ்வு சிதைகிறது. வெட்டுவாயில் உடைந்து காயத்தை அடைக்க வேண்டிய அப்பைகள் குழாயினுள்ளேயே உடைந்துவிட, பால் உள்ளேயே உறைந்துபோகிறது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வற்றுவதற்கு முன் சில மரங்கள் வழக்கத்தினும் மிகுதியாகப் பால் சொரிவதுண்டு. வெட்டு முடிந்து நெடுநேரமாகியும் பால் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆயின் அது நீர்த்திருக்கும். கணக்கேட்டை மட்டும் காண்பவர்க்கு அது கொடைமிகுந்த மரம். பாலின் தன்மையைக் காண்பவர்க்கு அது குறையை முறையிடும் மரம். பாலில் உள்ள சர்க்கரை, பாஸ்பரம், கந்தகஞ்சேர்ந்த காப்புப்பொருள் முதலியவற்றை அளந்து, மரம் வற்றும் முன்பே அதன் நிலையை அறியும் முறையையும் ஆய்வாளர் பின்னர் வகுத்தனர். வாயில்லாத உயிருக்கு அறிவியல் அளித்த வாய் அதுவே.

கிழித்தெறியப்படும் ஓலை

மரத்தின் நிலை இவ்வாறாக, மனித உடலின் உயிரணு உயிர்வளிக் குறையை அறியும் வகை இதனினும் வியப்பிற்குரியது. அதனைக் கண்டறிந்தமைக்காகக் கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கெய்லின் ஆகிய மூவருக்கும் 2019-இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

உடலின் உயிரணுக்கள் குறையறிவிக்கும் புரதம் ஒன்றை இடையறாது ஆக்கிக்கொண்டிருக்கின்றன. ஹிஃப் என்பது அதன் சுருக்கப் பெயர். உயிர்வளி போதிய அளவில் இருக்கும்போது, நொதி ஒன்று அவ்வுயிர்வளியையே கருவியாகக் கொண்டு அப்புரதத்தின்மீது ஒரு முத்திரை குத்துகிறது. முத்திரையைக் கண்ட வேறொரு புரதம் அதனைப் பற்றி அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. சில நிமிடங்களே அதன் வாழ்நாள். உயிர்வளி குறைந்தவிடத்து முத்திரை குத்த வழியில்லை. அழிவிலிருந்து தப்பிய புரதம் உட்கருவினுட் புகுந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தட்டியெழுப்புகிறது. எரிப்பதைக் குறைக்கவும், புதிய குருதிக் குழாய்களை வளர்க்கவும், உயிர்வளியின்றியே சிறிது ஆற்றல் பெறவும் உயிரணு ஆயத்தமாகிறது.

இவ்வமைப்பின் உட்கருத்தைச் சிந்திக்க வேண்டும். 'குறை நேர்ந்துவிட்டது' என்னும் ஓலையை உயிரணு வளமான காலத்திலும் கணந்தோறும் எழுதுகிறது. வளம் இருப்பதை உறுதிசெய்து கணந்தோறும் கிழித்தெறிகிறது. எழுதுவதற்கும் செலவு, கிழிப்பதற்கும் செலவு. சிக்கனக்காரர் கண்ணுக்கு இது வீண்வேலையாகவே தோன்றும். ஆயின் குறை வந்த பின் ஓலை எழுத ஏடும் எழுத்தாணியும் தேடுவோருக்கு எழுத நேரம் கிடைப்பதில்லை. நலமாக இருக்கும்போதே நலக்குறைவை எதிர்நோக்கி விழித்திருத்தலை இயற்கை வீணென்று கருதவில்லை.

அந்த ஓலை யாருக்காக எழுதப்படுகிறது என்பதும் கருதத்தக்கது. உயிர்வளிக் குறையைச் சிறுநீரகத்தில் உள்ள சில உயிரணுக்கள் உணரும்போது அவை எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரைக் குருதியிற் கலக்கின்றன. எலும்பு மஜ்ஜை அதன் ஏவலை ஏற்றுச் செங்குருதி அணுக்களைப் பெருக்குகிறது. அவ்வணுக்கள் சுமந்துவரும் உயிர்வளி மூளைக்கும் செல்கிறது, கால்விரலுக்கும் செல்கிறது. ஓர் உறுப்பு உணர்ந்த குறை உடல் முழுவதற்கும் பயனாகிறது.

ஆக்சிஜனேற்ற நெருக்கடியை அறிவதற்கும் இதனையொத்த காவல் ஒன்று உண்டு. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய அறிஞர் மசாயுகி யமமோட்டோவும் அவர்தம் குழுவினரும் அதனை விளக்கினர். கீப்1 என்னும் காவற்புரதம், என்.ஆர்.எஃப்2 என்னும் மற்றொரு புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நச்சுப் பொறிகள் மிகும்போது அவை முதலில் தாக்குவது அக்காவலனின் கந்தக முனைகளையே. காயமுற்ற காவலன் கைநழுவவிட, விடுபட்ட புரதம் உட்கருவை அடைந்து காப்புப்பொருள்களை ஆக்கச் செய்கிறது. முதல் அடியைத் தான் ஏற்பவனே முதற்செய்தி தருபவன். தன்மேல் எதுவும் படாமல் ஒதுங்கி நிற்பவனால் பிறர் துன்பத்தை முன்னறிந்து சொல்லல் இயலாது என்பதற்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது.

சோம்பல் என்னும் பழி

உணர்தல் இருந்தும் பயன் விளையாத இடமும் உண்டு. அதற்குத் தோட்டத்து வரலாறே சான்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் தொழிலாளரைப் பெரிதும் வாட்டின. கிள்ளானில் மருத்துவராகப் பணியாற்றிய மால்கம் வாட்சன் மலேரியாவை ஒழிக்கச் செய்த முயற்சிகள் வரலாற்றில் இடம்பெற்றவை. கொக்கிப்புழுவை ஆராய்வதற்காக ராக்ஃபெல்லர் நிறுவனம் அனுப்பிய ஆணைக்குழு, 1915 முதல் 1917 வரை கீழை நாடுகளில் உலவி, மலாயாவிலும் ஆய்வு நடத்திற்று. ஈரமும் நிழலும் உள்ள மண் அப்புழுவின் குஞ்சுகளுக்கு ஏற்ற இடம். கழிப்பிட வசதியில்லாத லயங்களைச் சுற்றிய மண்ணில், செருப்பில்லாத கால்களின் தோலைத் துளைத்து அவை உடம்பினுட் புகுந்தன. குடலிற் பற்றிக்கொண்டு நாள்தோறும் குருதியை உறிஞ்சின.

குருதி குறைந்த உடலில் உயிர்வளி குறையும். சிறுநீரகம் அதனை உணரும். எரித்ரோபொயட்டினை மேன்மேலும் சுரக்கும். மஜ்ஜையை ஓயாது ஏவும். ஆயின் செங்குருதி ஆக்குவதற்கு இரும்புச்சத்து வேண்டும். புழு உறிஞ்சியதும் உணவில் இல்லாததும் அவ்விரும்பே. முறையீடு இருந்தது, முறையீட்டைக் கேட்டு எழ ஆயத்தமான உறுப்பும் இருந்தது, கொடுப்பதற்குரிய பொருள்தான் இல்லை. எழுதிய மனு மேசைமேல் கிடக்க, வழங்க வேண்டிய களஞ்சியம் வெறுமையாய்க் கிடந்த நிலை அது.

இத்தகைய உடலோடு மலைச்சரிவில் நிரை நிரையாக நடந்து மரம் வெட்டியவரின் நடை தளர்ந்தது; மூச்சு வாங்கிற்று; குறித்த நேரத்தில் வேலை முடியவில்லை. புறத்தே நின்று நோக்குவோர்க்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும்? உலகெங்கும் அதற்குக் கிடைத்த பெயர் சோம்பல் என்பதே. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே புழுவால் நலிந்த ஏழை உழவரையும் சோம்பேறிகள் என்றே உலகம் ஏசிற்று. 1902-இல் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர் உண்மையை எடுத்துரைத்தபோது, செய்தித்தாள்கள் அப்புழுவுக்கே 'சோம்பற் கிருமி' என்று பெயரிட்டன. உயிர்வளிக்காக உடல் நடத்திய போராட்டம், காண்பவர் கண்ணுக்கு ஒழுக்கக்கேடாகப் பட்டது. குறையைக் குற்றமாகக் காணும் இப்பிழை, குறையை உண்டாக்கிய பிழையினும் சிறியதன்று. முன்னது உடலை வருத்திற்று. பின்னது மானத்தையும் வருத்திற்று.

பொறுமையும் மரத்துப்போதலும்

அவ்வாறாயின் பொறுமை வேண்டாத பண்போ என்று வினவலாம். அதற்கும் இயற்கை விடை கூறுகிறது. கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தஞ்சோங் காராங் வயல்களில் காற்றிலாடும் நெல், நீரில் நிற்கும் பயிரே எனினும், முழுவதும் மூழ்கினால் மூச்சடைத்துச் சாவது. நெல்லினங்களுட் பல மூழ்கியவுடன் விரைந்து நீண்டு தலையை வெளியே நீட்ட முயலும். வெள்ளம் ஆழமாக இருந்தால் அம்முயற்சியிலேயே சேமிப்பெல்லாம் தீர்ந்து மாயும். ஒடிசாவின் பழைய நெல்லினம் ஒன்றோ வேறு வழி மேற்கொண்டது. நீர் மூடியதும் அது வளர்ச்சியை அடக்கி, இருப்பைச் செலவிடாமல், ஏறத்தாழ இரண்டு வாரம் நீருக்கடியிற் காத்திருக்கும். வெள்ளம் வடிந்ததும் மீண்டும் தளிர்க்கும். அவ்வாற்றலைத் தரும் சப்1ஏ என்னும் மரபணு 2006-இல் அறிவிக்கப்பட்டது. அதனை ஏற்ற 'ஸ்வர்ணா' நெல் இந்திய உழவர் கைக்கு வந்துள்ளது.

இந்நெல்லின் அடக்கமே பொறுமை. அது குறையை உணர்ந்தது, உணர்ந்தமையாலேயே அடங்கிற்று, வெள்ளம் வடியும் என்னும் காலக்கணக்கிற்குள் அடங்கிற்று. இரண்டு வாரத்தை இரண்டு திங்களாக்கினால் அதுவும் அழியும். ஆகவே பொறுமைக்கு உணர்தல் தாய். காலவரையறை அதற்குக் கரை.

உணர்தலற்ற தாங்குதலுக்குத் தமிழில் வேறு சொல் உண்டு. அது மரத்துப்போதல். மரம் எதனையும் உணராது என்னும் எண்ணத்தால், உணர்விழந்த உறுப்பை 'மரத்தது' என்கிறோம். மரமோ மரத்துப் போனதன்று என்பதை மேலே கண்டோம். வியப்பு என்னவெனில், கேரளத்து ரப்பர் உழவர் பட்டை வறட்சி நோயைப் 'பட்ட மரப்பு' என்றே வழங்குகின்றனர். அளவின்றிக் கறக்கப்பட்ட பின்னரே மரமும் மரக்கிறது.

அமைதி எப்போதும் நிறைவின் அடையாளமாகாது என்பதை 2020, 2021 ஆம் ஆண்டுகளின் கோவிட் பெருந்தொற்றும் காட்டிற்று. குருதியில் உயிர்வளி ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும், நோயாளர் சிலர் மூச்சுத்திணறல் இல்லாமல் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தனர். மூச்சுமுட்டும் உணர்வைப் பெரிதும் எழுப்புவது கரிவளியின் மிகுதியே. அது மிகாதவிடத்து உயிர்வளிக் குறை மறைந்தே நிற்க இயலும். விரல்நுனியில் மாட்டிய சிறு கருவி மட்டுமே உண்மையைச் சொல்லிற்று. 'கேட்டால் சொல்லியிருப்பாரே' என்பது இனி எவர்க்கும் சமாதானமாகாது. குறையுடையவரே தம் குறையை அறியாதிருக்கும் நிலையும் உண்டு.

பொய்க்குறை

குறையை அறிவிப்பதெல்லாம் நன்றே என்று முடிவுகட்டவும் இயலாது. வான் ஹிப்பல்-லிண்டாவ் என்பது சில குடும்பங்களில் வழிவழி வரும் நோய். முத்திரை குத்தப்பட்ட குறையறிவிக்கும் புரதத்தைப் பற்றி அழிக்க வேண்டிய புரதம் அந்நோயிற் பழுதுபடுகிறது. ஆகவே உயிர்வளி நிறைந்திருக்கும்போதே அவ்வுயிரணு 'இல்லை, இல்லை' என்று கூவுகிறது. கூவலைக் கேட்டுக் குருதிக் குழாய்கள் அத்திசை நோக்கி வளர்கின்றன. ஊட்டம் அங்கே குவிகிறது, கட்டி வளர்கிறது. சிறுநீரகப் புற்றுநோய் வகை ஒன்றின் தோற்றம் பெரும்பாலும் இவ்வாறே அமைகிறது. உடல் முழுவதையும் காக்க ஏற்பட்ட அதே பொறியமைப்பு, தன்னை மட்டும் பெருக்கிக்கொள்ளும் அணுவின் கையில் கொள்ளைக் கருவியாகிறது.

மனித வாழ்விலும் இவ்விரு பிழைகளும் உள்ளன. உள்ள குறையை இல்லையென்று மறைப்பது ஒன்று. இல்லாத குறையை உள்ளதென்று கூவிப் பிறர் பங்கையும் இழுத்துக்கொள்வது மற்றொன்று. முன்னதன் பெயர் அடக்கம் என்றும் பின்னதன் பெயர் உரிமை என்றும் மாற்றி வழங்கப்படுவதே சமுதாயத்தின் பெருங்குழப்பம். ஒலியின் அளவைக் கொண்டு குறையின் அளவை மதிப்பவன் எப்போதும் ஏமாறுவான். உரக்கக் கூவுவோர் பெறுவர். உண்மையில் வாடுவோர் பொறுமைக்குரிய பாராட்டை மட்டும் பெறுவர். பொறுமையை மிகுதியாகப் புகழ்வோர் பெரும்பாலும் அப்பொறுமையால் பயன்பெறுவோராகவே இருப்பதும் இதனால்தான்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். உயிரணுவுக்கு நன்றும் தீதும் தெரியாது. வேதிவினையிலிருந்து அறத்தைப் பிழிந்தெடுக்க முயல்வது முறையா? இம்மறுப்பு நியாயமானதே. இயற்கையில் நிகழ்வதெல்லாம் அறமாகிவிடாது. அவ்வாறாயின் புற்றணுவின் செயலையும் அறமென்று கொள்ள நேரும். குறையை அறியும் திறன் சிறுநீரகத்து நல்லணுவுக்கும் உண்டு, புற்றணுவுக்கும் உண்டு. அத்திறன் யார் நலத்திற்குப் பயன்படுகிறது என்பதே வேறுபாடு. அவ்வேறுபாட்டை அணு தெரிந்து செய்வதில்லை. மனிதன் தெரிந்து செய்யவல்லவன். அறம் தோன்றும் இடம் அத்தெரிவே. அறிவியல் செய்வது, அத்தெரிவு எங்கே நிற்கிறது என்று சுட்டிக்காட்டுவது மட்டுமே.

அறிதலின் பின்னரே ஈதல்

திருக்குறளின் இன்றைய அதிகார வைப்பில் 'ஈகை' 23ஆம் அதிகாரம். அதற்கு முன்னதாக, 22ஆம் அதிகாரமாக நிற்பது 'ஒப்புரவறிதல்'. ஒப்புரவு என்று மட்டும் கூறாமல் 'அறிதல்' என்னும் சொல்லும் தலைப்பிற் சேர்ந்திருப்பதைத் தமிழாசிரியர் மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் நன்று. கொடுப்பதற்கு முன் அறிய வேண்டும் என்பதே அவ்வைப்பு உணர்த்தும் முறையெனக் கொள்ளலாம். செய்ந்நன்றியறிதல், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனப் பிற அதிகாரங்களும் அறிதலிலேயே முடிகின்றன. ஒப்புரவறிதலில் உவமையாக வருபவை ஊருணியும் பழமரமும் மருந்துமரமும். ஊருணி மழையால் நிறைந்து வழங்குகிறது. பழமரம் பருவம் பார்த்து வழங்குகிறது. தம்மைப் புதுப்பித்துக்கொள்ள வழியுள்ள பொருள்களே அவை. வழங்குவோர் வற்றாதிருக்க வேண்டும் என்னும் கவலை, பெறுவோர்க்கும் உரியதே.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை இவ்வாறு அமைகிறது. தாங்குதல் வலிமை, அது மட்டும் அறமாகாது. குறையை உரிய காலத்தில் உணர்ந்து, உள்ளவாறே அறிவித்து, கேட்டவுடன் பங்கிட்டுக்கொள்ளும் ஒழுங்கினுள் அமையும்போதுதான் தாங்குதல் அறமாகிறது. தாங்குபவரைப் பாடுவது எளிது. தாங்க வேண்டிய அளவைக் குறைப்பதுதான் அரிது. பாடுவோர் பாட்டோடு நின்றுவிடின் அப்பாட்டும் ஓர் ஊக்கமருந்தே. வெட்டுவாய் அடையாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை.

இதில் ஆசிரியரின் பங்கு தனிச்சிறப்புடையது. வகுப்பறையில் குறும்பு செய்யும் மாணவன் எப்படியும் கவனிக்கப்படுகிறான். பின்வரிசையில், காலையில் எதுவும் உண்ணாமல் வந்து, இரு கைகளையும் மேசைமேல் மடக்கி வைத்து, எந்தத் தொல்லையும் தராமல் அமர்ந்திருக்கும் பிள்ளை 'நல்ல பிள்ளை' என்னும் பெயரோடு மறைந்துபோகிறது. அதன் கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருப்பதை அறிக்கை எதுவும் கூறாது. நலமாக உள்ள நாளிலும் ஓலை எழுதிக் கிழிக்கும் உயிரணுவைப் போல, குறையில்லாத பிள்ளையையும் நாள்தோறும் ஒருமுறை நோக்கி, குறையில்லை என்று உறுதிசெய்துகொள்ளும் கண்ணே ஆசிரியரின் கண். அந்நோக்குகளுள் பெரும்பாலானவை வீணாகும். வீணாகட்டும். வீணாகாத ஒரு நோக்கிற்காகவே ஏனையவை வேண்டப்படுகின்றன.

எல்லாரும் உண்ட பின் உண்ணும் தாய்க்கும் இதுவே பொருந்தும். அவளை வணங்குவதற்கு முன் அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முதற்கடன். அவ்வாறு பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவள் "எனக்கென்ன குறை?" என்று கூறினால், அது உண்மையாகவும் இருக்கக்கூடும்.

கலும்பாங் வட்டாரத்துத் தோட்டங்களில் வெயிலேறிய பின்னும் ஒரு மங்கு மட்டும் சொட்டிக்கொண்டே இருந்த காலைகள் பல கழிந்திருக்கும். அதனைக் கண்டு 'இன்று பால் மிகுதி' என்று மகிழ்ந்து கடந்தவரும் உண்டு. குனிந்து, பாலை விரலால் தொட்டு, அது நீர்த்திருப்பதை உணர்ந்து, மறுநாள் அம்மரத்திற் கத்தி வைக்கத் தயங்கியவரும் இருந்திருப்பர். அத்தயக்கத்தால் அன்றைய எடை சற்றே குறைந்திருக்கும். மரமோ அடுத்த ஆண்டும் பால் தந்திருக்கும்.